கரிசல் சீமையின் சதுரப் படங்கள்

அருப்புக்கோட்டையிலோ, திருச்சுழியிலோ, அவற்றைச் சூழ்ந்து கிடக்கும் பாலையம்பட்டி, மண்டபசாலை, நரிக்குடி முதலிய ஊர்களிலோ, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கல்யாணமான தம்பதியரின் வீட்டு நிலைக்கு மேலே சட்டமிட்டு மாட்டியிருக்கும் கறுப்பு வெள்ளைப் படத்தைக் கூர்ந்து நோக்குபவர்கள், புடவைக் கரையின் நெசவும், கழுத்துச் சங்கிலியின் கண்ணிகளும், மானம் பார்த்த பூமியில் உழைத்த முகத்தின் ரேகைகளும் இன்றளவும் மங்காமல் விளங்குவதைக் கண்டு வியப்பெய்துவார்கள். அந்தத் தெளிவில் ஒரு பாதி, படம் எடுத்த ஸ்டுடியோக்காரரின் கைத்திறன். மறு பாதி, கடல்களுக்கு அப்பால் ஜப்பானியத் தொழிற்சாலைகளில் உருவான ஒருவகைக் காமிராவின் கொடை. பெரிய பிலிமின் மேன்மையைக் குறைக்காமல் காமிராவின் விலையை மட்டும் குறைக்க வேண்டும் என்ற ஒரே நோக்கத்துடன் அந்நாட்டார் செய்த பிரயாசைதான், வானத்தை நம்பி வாழும் நம் சம்சாரி வீடுகளுக்கும் முகச் சரித்திரம் என்ற செல்வத்தைக் கொண்டுவந்து சேர்த்தது.

திருச்சுழியில் 1879-ஆம் ஆண்டு அவதரித்த ரமண மகரிஷியின் திருவுருவத்தை, 1946-இல் பெங்களூர் வெல்லிங் என்ற புகைப்படக் கலைஞர் படமாக்கினார். எண்ணற்ற பூஜையறைகளில் அப்படம் இன்றும் வணங்கப்படுகிறது. மகான்களுக்கும் ஜமீன்தார்களுக்கும் நகரத்துச் செல்வந்தர்களுக்கும் எளிதில் வாய்த்த இப்பாக்கியம், அதே திருச்சுழியில் கம்பும் பருத்தியும் விதைத்துப் பிழைத்தவருக்குக் கிட்டுவதற்கு, காமிராவின் அமைப்பிலும் விலையிலும் பல மாறுதல்கள் நேர வேண்டியிருந்தன.

முதலில் பிலிமின் அளவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1901-இல் கோடக் கம்பெனி வெளியிட்ட நூற்றிருபதாம் எண் பிலிம் சுருள் ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர் அகலம் உடையது. சதுரமாக எடுத்தால் ஒரு சுருளில் 12 படங்கள் விழும். ஒவ்வொரு நெகட்டிவும் பக்கத்துக்கு 56 மில்லிமீட்டர் கொண்டது. பிற்காலத்தில் எங்கும் பரவிய 35 மில்லிமீட்டர் பிலிமின் நெகட்டிவைவிடப் பரப்பில் மூன்றரை மடங்குக்கும் மேல் பெரியது. ஆகவே, பெரிதாக்கும் கருவி இல்லாத சிற்றூர் ஸ்டுடியோவிலும், நெகட்டிவைக் காகிதத்தின்மேல் வைத்து ஒளி காட்டினாலே ஆல்பத்தில் ஒட்டத்தக்க படம் கிடைத்துவிடும். அம்மைத் தழும்பையும் முகச்சுருக்கத்தையும் கூரிய பென்சிலால் நெகட்டிவிலேயே தொட்டுத் திருத்தும் ‘டச்சிங்’ வேலைக்கும் போதிய இடம் உண்டு.

இந்த அகலமுள்ள பிலிமுக்கு உகந்த கருவியாக, ஜெர்மனியின் பிரான்கே - ஹைடெக்கே நிறுவனத்தார் 1929-இல் ரோலைபிளெக்ஸ் என்னும் இரட்டை லென்ஸ் காமிராவைச் செய்தார்கள். மேல் லென்ஸின் வழியே புகும் ஒளி, சாய்ந்து நிற்கும் கண்ணாடியில் பட்டு மேலே திரும்பி, தேய்த்த கண்ணாடித் தகட்டில் பிம்பமாக விழும். கீழ் லென்ஸ் அதே காட்சியைப் பிலிமில் பதிக்கும். படம் எடுப்பவர் காமிராவை மார்புக்கோ வயிற்றுக்கோ நேரே பிடித்து, தலை குனிந்து பிம்பத்தைப் பார்க்கிறார். இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரியும் அந்தப் பிம்பத்துக்குக் கண் பழக வேண்டும் என்பது ஒன்றே இதிலுள்ள சங்கடம். ஆனால் ரோலைபிளெக்ஸின் விலை, எளிய தொழிலாளி எட்டிப் பார்க்கவும் இயலாத உயரத்தில் இருந்தது.

ஜப்பானியர் 1937-இல் மினோல்டாபிளெக்ஸ் என்ற இரட்டை லென்ஸ் காமிராவைச் செய்தனர். 1940-இல் மாமியா செய்இச்சி என்பவர், லென்ஸை அசைப்பதற்குப் பதிலாகப் பிலிமின் தளத்தையே முன்னும் பின்னும் நகர்த்தித் தெளிவு காணும் மாமியா சிக்ஸ் என்ற மடக்குக் காமிராவைப் படைத்தார். யுத்தம் முடிந்து, இடிபாடுகளினின்றும் தேசம் எழுந்த காலத்திலேதான் உண்மையான வளர்ச்சி தொடங்கியது. 1950-இல் வந்த ரிக்கோபிளெக்ஸ் காமிராவில் இரண்டு லென்ஸ்களின் விளிம்பிலும் பற்கள் வெட்டி, ஒன்றைச் சுழற்றினால் மற்றதும் உடன் சுழலும்படி செய்திருந்தார்கள். அமைப்பு எளிமையானது, விலையும் மிகக் குறைவானது. அதன் வெற்றியைக் கண்டு சிறிதும் பெரிதுமான பல தொழிற்சாலைகள் இத்துறையில் இறங்கின.

அவற்றுள் நம் ஊர்களின் வாழ்வோடு மிகவும் இரண்டறக் கலந்தது யாஷிகா. 1949-இன் இறுதியில் நாகானோ மாகாணத்தில் எட்டே பணியாளர்களுடன் மின்சாரக் கடிகாரத்துக்கு உறுப்புகள் செய்யத் தொடங்கிய ஒரு சிறு தொழிற்கூடம், சில ஆண்டுகளிலேயே காமிராத் தொழிலுக்கு மாறி, 1957-இல் யாஷிகா மாட் என்ற காமிராவை வெளியிட்டது. பக்கத்திலிருந்த கைப்பிடியை ஒருமுறை சுழற்றினால் பிலிமும் நகரும், ஷட்டரும் தயாராகிவிடும். நூற்றிருபது பிலிமோடு 35 மில்லிமீட்டர் பிலிமையும் ஏற்கும் 635 என்ற மாதிரி 1958-இலும், ஒளிமானி பொருத்திய மாட்-124 என்பது 1968-இலும், அதன் ஒளிமானியின் மின்தொடர்புகளுக்குப் பொன்முலாம் பூசிய 124ஜி என்பது 1970-இலும் வந்தன. கடைசியிற் சொன்னது 1986 வரை உற்பத்தியாயிற்று. மின்கலம் தீர்ந்து ஒளிமானி செயலற்றாலும் காமிரா வழக்கம்போல் இயங்கும் என்பது, மின்கலத்துக்காக மதுரைக்குப் போக வேண்டிய ஊர்க்காரர்களுக்கு எத்தகைய அனுகூலம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

மலிவு ஒருபுறம் இருக்க, தொழில் நுட்பத்திலும் அந்நாட்டார் முன்னேறினர். இரட்டை லென்ஸ் காமிராவில் பொதுவாக லென்ஸை மாற்ற இயலாது என்றிருந்த குறையை, 1957-இல் மாமியாபிளெக்ஸ் ‘சி’ வரிசை தீர்த்தது. இரண்டு லென்ஸ்களையும் ஒரே பலகையில் சேர்த்துக் கழற்றி மாட்டலாம். முகத்தை நெருங்கி எடுத்தால் மூக்குப் பெரிதாகத் தோன்றும் விகாரம், நீண்ட குவியமுள்ள லென்ஸால் நீங்கிற்று. துருத்தியை நீட்டித் தாலியையும் மோதிரத்தையும் பக்கத்தில் வைத்தே எடுக்க முடிந்தது. ஒற்றை லென்ஸாலேயே பார்க்கவும் பதிக்கவும் வல்ல காமிராவை யோஷினோ சென்சாபுரோ என்பவர் புரோனிக்கா என்ற பெயரில் 1950-களின் இறுதியில் வெளியிட்டார். கண்ணுக்கு நேரே பிடிக்கத்தக்க பென்டாக்ஸ் 6×7 என்பது 1969-இலும், பின்புறத்தை மட்டும் திருப்பிப் படத்தை நெட்டையாகவோ குறுக்காகவோ அமைக்கக்கூடிய மாமியா ஆர்பி67 என்பது 1970-இலும் தோன்றின. எடை மிகுந்த இந்தப் பிற்காலக் கருவிகள் பெரும்பாலும் மாநகரத்து விளம்பர ஸ்டுடியோக்களில் தங்கிவிட, கரிசல் காட்டுக் கல்யாணப் பந்தலுக்குச் சைக்கிளில் தோளில் தொங்கிப் போனது யாஷிகாவே.

அக்காலத்தில் வெளிநாட்டுக் காமிராவை இறக்குமதி செய்வதற்குக் கடுமையான கட்டுப்பாடுகள் இருந்தன. சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடா நாடுகளிலிருந்தோ திரும்பும் உறவினர் கையிலும், சென்னைப் பர்மா பஜாரின் வழியாகவும் வந்த ஒரு காமிராவைக் கொண்டு ஒரு குடும்பமே பிழைத்தது உண்டு. பிலிமுக்குக் கிழக்கு ஜெர்மனியின் ஓர்வோவும், 1960-இல் நிறுவப்பெற்று 1967 முதல் உதகையில் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ பிலிமும் துணை நின்றன.

சுருளுக்குப் பன்னிரண்டே படங்கள் என்ற வரம்பு, படம் எடுப்பவரிடம் ஒரு நிதானத்தை வளர்த்தது. தாலி கட்டும் கணம், மாலை மாற்றுதல், பெரியவர்கள் ஆசீர்வதித்தல் என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே எண்ணி வைத்துக்கொண்டு, உரிய நொடியில் மட்டுமே அவர் விசையை அழுத்துவார். பூ தைத்த ஜடை முழுவதும் தெரியும்படி பெண்ணை நிலைக்கண்ணாடிக்கு முன் நிறுத்தி, முகத்தையும் முதுகையும் ஒரே சதுரத்தில் அடக்கும் கலை இப்படி வளர்ந்ததே. கரிசல் சீமையின் வெயிலோ மற்றொரு பரீட்சை. பிலிம் கழுவும் மருந்துநீர் 20 டிகிரி வெப்பத்தில் இருக்க வேண்டும். கோடையில் தொட்டித் தண்ணீர் அதைக் கடந்து வெகுதூரம் போய்விடும். சூடேறினால் பிலிமின்மேல் பூசிய பசை இளகிப் படமே கெடும். ஆகையால் இரவு குளிர்ந்த பின்னரோ, பனிக்கட்டி வைத்துத் தணித்தோ இருட்டறையில் வேலை நடந்தது. அச்சிரமத்தின் பயனையே நாம் இன்று சுவர்களில் காண்கிறோம்.

1980-களில் வண்ணப் பிலிமும் 35 மில்லிமீட்டர் காமிராவும் பெருகின; பின்னர் டிஜிட்டல் வந்தது. புரோனிக்கா உற்பத்தி நின்றது. உதகைத் தொழிற்சாலையை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. காமிராக்களை விரும்பி வாங்கிச் சேகரிப்போர் இன்று பலர் உளர். ஆனால் அவற்றால் எடுக்கப்பட்ட நெகட்டிவுகளைத் தேடுவோர் மிகச் சிலரே. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடி டிஜிட்டல் பிரதிகள் எடுத்துள்ளது. அப்பணி ஒவ்வொரு வட்டாரத்திலும் தொடர வேண்டும். அரண்மனைகளுக்குக் கல்வெட்டு உண்டு, கோயில்களுக்குச் செப்பேடு உண்டு. நெசவாளர்க்கும் சம்சாரிக்கும் இச்சதுர நெகட்டிவுகளே சாசனம். ஸ்டுடியோப் பரணில் உள்ள பெட்டிகளை வெயிலும் ஈரமும் படாத இடத்துக்கு மாற்றி, ஒவ்வொன்றையும் அமிலமற்ற காகித உறையில் இட்டு, ஊரையும் ஆண்டையும் படத்தில் இருப்போர் பெயரையும், சொல்லக்கூடிய பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பது, அருப்புக்கோட்டையின் பள்ளிகளும் கல்லூரிகளும் உடனே மேற்கொள்ளத்தக்க கடமையாகும்.