எலும்பு கூடினால் போதுமா?

மூதறிஞர் இராஜாஜி 1878-இல் பிறந்த தொரப்பள்ளியைச் சுற்றி இன்று ஓசூரின் ஆலைகள் பெருகியுள்ளன. காலை ஷிப்டுக்கும் இரவு ஷிப்டுக்கும் இளைஞர்கள் இரு சக்கர வண்டிகளில் விரைவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். வண்டி சறுக்கித் தோள் தரையில் மோதும்போது முறியும் எலும்புகளுள் முதன்மையானது காறை எலும்பு. "சிறு எலும்புதானே, கட்டுப் போட்டால் கூடிவிடும்" என்று வீட்டார் ஆறுதல் கொள்வர். பெரும்பாலும் அது கூடிவிடுவதும் உண்மையே. ஆயினும், எலும்பு கூடிய பின்னும் கை எழாதிருப்பின் என் செய்வது? இதைக் குறித்தே இங்குச் சில சொல்ல விழைகிறோம்.

கழுத்தில் அணியும் காறை படியும் இடத்தில் இருப்பதால் இப்பெயர் பெற்ற எலும்பு, மார்பெலும்பையும் தோளையும் இணைக்கிறது. அதன் அடியிலேதான் கைக்குச் செல்லும் பெரிய இரத்தக் குழாய்களும், கழுத்துத் தண்டுவடத்திலிருந்து ஐந்து வேர்களாய்ப் புறப்படும் நரம்புப் பின்னலும் செல்கின்றன. தோளை உயர்த்துவதும், முழங்கையை மடக்குவதும், விரல்களால் பற்றுவதும் அப்பின்னலின் பணியே.

இந்நரம்புகள் பழுதுறுவது அரிதே. ஆனால் நேர்ந்தால் அதன் விளைவு பெரிது. உடைந்த முனை நரம்பைக் குத்தலாம். விழும் வேகத்தில் தலை ஒரு புறமும் தோள் மறு புறமும் இழுபட, நரம்பு நீண்டோ அறுந்தோ போகலாம்; தலைக்கவசம் இதைத் தடுப்பதில்லை. இன்னும் சிலருக்கு, எலும்பு கூடும் இடத்தில் மிகையாய் வளரும் புது எலும்பு, வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து நரம்பை அழுத்துவதுண்டு.

இரத்தக் குழாய்க்கும் இவ்வாறே தீங்கு நேரும். இங்கிலாந்தின் முன்னாள் பிரதமர் ராபர்ட் பீல் 1850-இல் குதிரையினின்று விழுந்து காறை எலும்பு முறிந்து, மூன்றாம் நாள் மாண்டார். அதனடியில் இருந்த இரத்தக் குழாய் சிதைந்ததே காரணம் என்பர் மருத்துவர்.

ஆகவே, கட்டுப் போடுமுன் வீட்டார் கேட்க வேண்டியவை சில உண்டு. விரல்கள் அசைகின்றனவா? முழங்கை மடங்குகிறதா? தொட்டால் உணர்வு தெரிகிறதா? கை குளிர்ந்து வெளிறியுள்ளதா? இவற்றில் குறை தென்பட்டால், எலும்பு மருத்துவர் உள்ள மருத்துவமனைக்கு உடனே செல்லல் வேண்டும். அக்குளை இறுக்கும் கட்டும் நரம்பை அழுத்தக்கூடும்; கட்டிய பின் மரத்துப்போனால் வாளாவிருத்தல் ஆகாது. செலவுக்கு அஞ்சித் தயங்கவும் வேண்டா. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம், அதில் சேர்ந்த மருத்துவமனைகளில் விபத்துக்குப் பிந்திய முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு வழி செய்கிறது.

லேசாய் இழுபட்ட நரம்பு சில வாரங்களிலோ மாதங்களிலோ தானே தேறும். அறுந்த நரம்போ நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே வளரும். அது வந்து சேருமுன் தசை சூம்பிவிடும். எனவே தேறுதல் தெரியாவிடில், ஆறு மாதங்களுக்குள் அறுவை செய்தல் நலம். பணிபுரியும் வேறொரு நரம்பின் இழையை இணைத்து முழங்கையை மடக்கச் செய்யும் முறையை, பிரான்சு நாட்டு மருத்துவர் ஓபர்லின் 1994-இல் வெளியிட்டார். கோவை கங்கா மருத்துவமனையிலும் நரம்புப் பின்னலுக்கான அறுவைகள் நடைபெறுகின்றன. ஓராண்டு கழித்துச் செல்வோருக்கு இவ்வாய்ப்பு வெகுவாய்க் குறைந்துவிடும்.

தாய்மார்களுக்கும் ஒரு சொல். தோள் சிக்கிக் கடினமாய்ப் பிறந்த குழந்தைக்கும் காறை எலும்பு முறிவதுண்டு. நரம்பு இழுபடுவதும் உண்டு. குழந்தை ஒரு கையை மட்டும் அசையாது வைத்திருப்பின், மருத்துவரிடம் காட்டுங்கள்.

கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொண்டாற்றிய டாக்டர் பால் பிராண்டு ஓர் உண்மையை உலகிற்கு உணர்த்தினார்: தொழுநோயாளரின் விரல்கள் தாமாய் உதிர்வதில்லை, உணர்வற்ற விரல்களுக்கு நேரும் புண்களே அவற்றை அழிக்கின்றன. நரம்பு பழுதுற்ற கைக்கும் இது பொருந்தும். சூடும் கூர்முனையும் அக்கைக்குத் தெரியா. ஆதலின் கண்ணே அதற்குக் காவல். மூட்டுகள் இறுகாவண்ணம், மருத்துவர் சொன்னபடி நாள்தோறும் அசைத்துவிடுவதும் வீட்டாரின் கடமை.

உழைக்கும் கை ஒரு குடும்பத்தின் உலையில் அரிசியாகிறது. எலும்பு கூடிற்றா என்று மட்டும் கேளாமல், விரல் அசைகிறதா என்றும் முதல் நாளே கேட்போமாக.