முட்டை பொரிஞ்சது, விலை இறங்கிச்சு: பாம்பு வளர்ப்பு சொல்லித்தர்ற முதலீட்டுப் பாடம்

சம்பளத்தைத் தாண்டி இன்னொரு வருமானம் வேணும்னு நினைக்காத ஆளே இன்னைக்கு இல்லை. "ஒரு ஜோடி வாங்கினா போதும், அது தானா பெருகும்" அப்படிங்கிற ஐடியா அதனாலதான் சட்டுன்னு மனசுல ஒட்டிக்குது. புறா, லவ் பேர்ட்ஸ், அலங்கார மீன், வெளிநாட்டு நாய்னு இந்த வரிசை ரொம்ப நீளம். அதுல வித்தியாசமான ஒண்ணை இன்னைக்குப் பார்ப்போம்: அமெரிக்காவுல செல்லப்பிராணியா வளர்க்கிற பால் பைத்தான்.

பயந்தா பந்து மாதிரி சுருண்டுக்கும், அதனால இந்தப் பேர். விஷம் கிடையாது. சொந்த ஊர் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. சாதாரண நிறத்துல இருக்கிற பாம்பு மலிவுதான். அபூர்வமான நிறத்துல பிறக்கிறதை "மார்ஃப்"னு சொல்வாங்க. காசு அங்கதான்.

1992-ல பாப் கிளார்க் அப்படிங்கிற அமெரிக்கர் அல்பினோ பால் பைத்தானை வளர்ப்பிலேயே இனப்பெருக்கம் செஞ்சு காட்டினார். 1997-ல பீட் கால், வெள்ளைத் திட்டுகள் உள்ள பைபால்ட் வகையைக் கொண்டு வந்தார். ஆரம்பத்துல ஒரு பாம்பு பல ஆயிரம் டாலர். இன்னைக்கு ஒரு சாதாரண அல்பினோ சில நூறு டாலருக்கே கிடைக்குது. நடுவுல என்ன நடந்துச்சு?

இனப்பெருக்கம் எப்படி நடக்குது?

பெண் பாம்பு சுமார் 1,500 கிராம் எடை வரணும். அதுக்கே மூணு வருஷம் வரை ஆகும். குளிர்காலத்துல இரவு வெப்பநிலையைக் கொஞ்சம் குறைச்சு ஆணோட சேர்ப்பாங்க. முட்டை உருவானதும் பெண் ஒரு தடவை சட்டை உரிக்கும். அதுல இருந்து ஏறக்குறைய ஒரு மாசத்துல முட்டையிடும். ஒரு ஈட்டுக்குச் சராசரியா ஆறு முட்டைன்னு வெச்சுக்கலாம்.

அந்த முட்டையைப் புரட்டாம அப்படியே எடுத்து, ஈரப்பதம் நிறைஞ்ச பெட்டியில, 31-32 டிகிரி செல்சியஸ்ல வைக்கணும். 55-60 நாள்ல பொரியும். குட்டி முதல் சட்டை உரிச்சு, ஒழுங்கா எலி தின்ன ஆரம்பிச்ச பிறகுதான் விக்க முடியும்.

இதுல எல்லாமே சரியா நடக்கும்னு உத்தரவாதம் இல்லை. பால் பைத்தான் மாசக்கணக்குல சாப்பிடாம அடம்பிடிக்கும். முட்டையிட்டதுல எடை குறைஞ்ச பெண், அடுத்த வருஷம் முட்டையே போடாம விட்டுடலாம்.

மரபணு போடுற கணக்கு

அல்பினோ ஒரு ஒடுங்கிய பண்பு. அல்பினோவையும் சாதாரண பாம்பையும் சேர்த்தா, குட்டிகள் எல்லாமே பார்க்க சாதாரணமாத்தான் இருக்கும். மரபணு மட்டும் உள்ளே ஒளிஞ்சிருக்கும். அந்தக் குட்டிகள் வளர்ந்து தங்களுக்குள்ள சேர்ந்தா, ஒவ்வொரு முட்டையும் அல்பினோவா வர்றதுக்கு நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. ஆறு முட்டையில ஒண்ணுகூட அல்பினோ இல்லாமப் போக சுமார் 18% வாய்ப்பு இருக்கு!

பெண் குட்டியா வாங்கினா அது வளர மூணு வருஷம், அதோட மகள் வளர இன்னொரு மூணு வருஷம். மொத்தம் ஆறு வருஷம். இப்ப ஒரு உதாரணக் கணக்கு. இன்னைக்கு 1,00,000 ரூபாய் விலையுள்ள மார்ஃப் வருஷத்துக்கு 20% இறங்கினா, மூணு வருஷத்துல 51,200 ரூபாய். ஆறு வருஷத்துல சுமார் 26,200 ரூபாய். நீங்க லாபக் கணக்கு போட்டது இன்னைக்கு விலையில. விக்கப்போறது அன்னைக்கு விலையில. இதோட நடுவுல கரன்ட் பில், எலி, கால்நடை மருத்துவர் செலவு எல்லாம் இருக்கு.

விலை ஏன் இறங்குது?

ஆறு குட்டியில மூணு பெண்ணுன்னா, சில வருஷத்துல அந்த மூணும் முட்டையிடும். உங்களுக்கு விக்கிறவரே உங்களைப் போட்டியாளராவும் ஆக்குறார். வாங்கறவங்க எண்ணிக்கையோ அந்த வேகத்துல கூடாது. பால் பைத்தான் வளர்ப்புல 20-30 வருஷம் வாழும். ஒரு தடவை வாங்கினவர் மறுபடி வாங்க அவசரமே இல்லை.

கவனிங்க, இங்கே யாரும் ஏமாத்தலை. பாம்பு நிஜம், வாங்கின ஆர்வலர்களும் நிஜம். எல்லாரும் இனப்பெருக்கத்துல ஜெயிச்சாங்க, அதனாலயே விலை சரிஞ்சது. நம்ம பெருந்துறை ஈமு கோழித் திட்டங்கள் 2012-ல கவுந்தது வேற கதை. அங்கே மாசாமாசம் பணம் தர்றோம்னு சொன்ன வாக்குறுதியே பொய்யாப் போச்சு. ஆனா ரெண்டுக்கும் முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: கடைசியா இதை வாங்கப்போறது யாரு?

நம்ம ஊர்ல?

நம்ம நாட்டுப் பாம்புகளுக்கு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாதுகாப்பு கொடுக்குது. பிடிச்சு வீட்ல வளர்க்கிற பேச்சுக்கே இடமில்லை. பால் பைத்தான் சைட்டிஸ் சர்வதேச ஒப்பந்தத்தோட இரண்டாம் பட்டியல்ல இருக்கு. 2022 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் இப்படிப்பட்ட உயிரினத்தை வெச்சிருந்தா அரசுகிட்ட பதிவு பண்ணணும், குட்டி பிறந்தாலும் தெரிவிக்கணும். பாங்காக்ல இருந்து வந்தவங்க பெட்டியில இருந்து சென்னை விமான நிலையத்துல சுங்கத்துறை பால் பைத்தான்களைப் பல தடவை பிடிச்சிருக்கு. "பேப்பர் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்"னு யாராவது சொன்னா, அங்கேயே பேச்சை முடிச்சுடுங்க.

பணம் போடுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி

1. நான் விக்கிற நாள்ல இதை எத்தனை பேர் வித்துட்டு இருப்பாங்க?
2. விலை பாதியாக் குறைஞ்சாலும் என் செலவு திரும்ப வருமா?
3. விக்கவே முடியலைன்னா, இந்த உயிரை 20 வருஷம் நான் பார்த்துக்குவேனா?

மியூச்சுவல் ஃபண்ட் பிடிக்கலைன்னா ஒரு கிளிக்ல வெளியே வந்துடலாம். பாம்புக்கு அந்த பட்டன் கிடையாது, அதுக்கு அடுத்த வாரமும் பசிக்கும். மூணாவது கேள்விக்கு "ஆமா"ன்னு மனசாரச் சொல்ல முடிஞ்சா, சட்டப்படி ஒரு செல்லப்பிராணியா வளர்க்கலாம். அதைச் செலவுக் கணக்குல எழுதுங்க. மாசாமாசம் போற எஸ்ஐபி பணத்துல மட்டும் கை வெக்காதீங்க.