சார்ஜரைப் பிடுங்கினால் இதயம் தெரியும்

இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு இ.சி.ஜி. கருவி செய்கிற மாணவர் குழு எந்தப் பொறியியல் கல்லூரியிலும் ஒன்றாவது இருக்கும். பிரெட்போர்டில் ஒரு ஆம்ப்ளிஃபயர், உடம்பில் ஒட்டிய மூன்று எலெக்ட்ரோடு, எதிரே ஒரு லேப்டாப். திரையில் இதயத்துடிப்புக்குப் பதிலாகக் கம்பளிப்பூச்சி மாதிரி தடித்த கோடு ஒன்று வரும். அரை மணி நேரம் வயர்களைத் துழாவிய பிறகு, யாராவது லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குவார். கோடு சட்டென்று மெலியும். உள்ளே ஒளிந்திருந்த துடிப்புகள் தலைகாட்டும். தோலில் கிடைக்கும் இதய சிக்னல் சுமார் 1 மில்லிவோல்ட்தான். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் அதைச் சுலபமாக மூழ்கடித்துவிடும்.

வைவாவுக்கு இந்தத் தந்திரம் போதும். ஓடுகிறவர் மணிக்கட்டில் கட்டிய கடிகாரத்தில் எதைப் பிடுங்குவது?

ஐ.இ.இ.இ. அமைப்பின் சிக்னல் ப்ராசஸிங் சங்கம் இளநிலை மாணவர் குழுக்களுக்கு ஆண்டுதோறும் வைக்கும் போட்டியில், 2015இல் கேட்கப்பட்டது இதுதான். கடிகாரத்தின் பச்சை ஒளி தோலுக்குள் போய்த் திரும்பும். ரத்தம் பாயும்போதெல்லாம் திரும்பும் ஒளியின் அளவு மாறும். ஓடும்போது கை ஆடுவதாலும் அது மாறும். டிரெட்மில்லில் மணிக்கு 15 கி.மீ. வேகம் வரை ஓடியவர்களிடம், நொடிக்கு 125 முறை பதிந்த தரவு மாணவர்களுக்குக் கிடைத்தது. கூடவே கையசைவைச் சொல்லும் ஆக்சிலரோமீட்டர் அளவுகளும்.

எட்டு நொடித் துண்டை எடுத்து அலைவெண் கணக்குப் போட்டால், துல்லியம் நிமிடத்துக்கு ஏழரைத் துடிப்பைத் தாண்டாது. துண்டை நீட்டினால் துல்லியம் கூடும்; ஆனால் அதற்குள் துடிப்பே மாறிவிடும். இன்னொரு வில்லங்கமும் உண்டு. நிமிடத்துக்கு 150 அடி வைத்து ஓடுகிறவரின் இதயமும் 150 முறை துடிக்கலாம். அப்போது கையசைவைக் கழித்தால் இதயமும் சேர்ந்து கழிந்துபோகும்.

குழுவின் லட்சணம் தெரிகிற இடம் இது. ஒருவர் அசைவைக் கழிக்கும் நிரல் எழுதுகிறார், இன்னொருவர் துடிப்பைத் தேடும் நிரல் எழுதுகிறார். ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி இரண்டையும் ஒட்டினால், முதலாமவர் அழித்ததை இரண்டாமவர் விடிய விடியத் தேடுவார். ‘இரண்டு நொடிக்கு முன் 140 இருந்த துடிப்பு இப்போது 90க்கு விழாது, சந்தேகம் வந்தால் பழைய அளவை நம்பு’ என்று இருவரும் முதலிலேயே பேசி வைத்திருக்க வேண்டும். சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் என்ற பெரிய பெயருக்குள் பாதி இந்தப் பேச்சுதான் என்பது என் கட்சி.

2016இல் அதே போட்டி தலைகீழாகத் திரும்பியது. ஓர் ஒலிப்பதிவு எந்த மின்கட்டமைப்புக்குள் பதிவானது என்று கண்டுபிடிக்க வேண்டும். துப்பு என்ன தெரியுமா? நாம் சார்ஜரோடு பிடுங்கி எறிந்த அதே ரீங்காரம். மின்தேவை ஏறினால் அலைவெண் கொஞ்சம் இறங்கும், குறைந்தால் ஏறும். இந்த நடுக்கம் கட்டமைப்புக்குக் கட்டமைப்பு வேறுபடும். 2013 டிசம்பர் 31 அன்று தென்மண்டலக் கட்டமைப்பு தேசியக் கட்டமைப்போடு இணைந்ததிலிருந்து, சென்னைக்கும் தில்லிக்கும் ஒரே நடுக்கம்தான்.