கட்டளைவரி நிரல்களுக்குத் தானியங்கிச் சோதனை

கட்டளைவரி நிரல் எழுத்தாக உள்ளீட்டைப் பெற்று, எழுத்தாகவே விடையைத் தருகிறது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் அத்தகைய நிரல் தொடங்கும்போதே வழக்கமாக 3 வழிகள் திறந்திருக்கும். 0 எண்ணுள்ள வழி உள்ளீட்டுக்கு, 1 வெளியீட்டுக்கு, 2 பிழைச் செய்திகளுக்கு. முடியும்போது நிரல் ஓர் எண்ணை விட்டுச்செல்லும்: 0 என்றால் வெற்றி, வேறு எண் பெரும்பாலும் கோளாறு. விசைப்பலகை இருந்த இடத்தில் ஒரு கோப்பையும், திரை இருந்த இடத்தில் இன்னொரு கோப்பையும் இணைத்துவிடலாம். அதற்காக நிரலில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியதில்லை. சோதனையைத் தானாக நடத்த முடிவது இந்த அமைப்பால்தான்.

முறை எளிது. ஒவ்வொரு சோதனைக்கும் ஓர் உள்ளீட்டுக் கோப்பு, எதிர்பார்க்கும் விடை உள்ள ஒரு கோப்பு. சிறிய ஷெல் நிரல் ஒன்று கோப்புகளை வரிசையாக எடுத்து, நிரலை ஓட்டி, வந்த விடையை எதிர்பார்த்த விடையோடு ஒப்பிடும். ஒப்பிடுவதற்குப் பெல் ஆய்வகத்தில் 1970களில் உருவான டிஃப் கருவி இன்றும் பயன்படுகிறது. எந்த வரி மாறியது என்பதை அது காட்டிவிடும். பிழைச் செய்தியையும் முடிவு எண்ணையும் தனித்தனியே சரிபார்க்க வேண்டும்.

எந்த உள்ளீடுகளைக் கொடுப்பது என்பதில்தான் சோதிப்பவரின் திறமை தெரியும். மதிப்பெண்களின் சராசரியைக் கணக்கிடும் நிரலுக்கு 40, 60 என்று கொடுத்து 50 வருகிறதா என்று பார்ப்பது தொடக்கம் மட்டுமே. வெற்றுக் கோப்பைக் கொடுத்தால் பூஜ்யத்தால் வகுக்க நேரும். எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து வரலாம். கடைசி வரியின் முடிவில் வரிமுறிவு இல்லாமல் போகலாம். பிழைகள் பெரும்பாலும் இத்தகைய ஓரங்களிலேயே ஒளிந்திருக்கும்.

நிரல் சரியாக இருந்தும் சோதனை தோற்பதுண்டு. விடையில் அன்றைய தேதியோ தற்காலிகக் கோப்பின் பெயரோ இருந்தால் ஒவ்வொரு முறையும் அது மாறும். விண்டோஸில் வரிமுறிவுக்கு 2 குறிகள், லினக்ஸில் ஒன்றுதான். 0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் பல மொழிகளில் 0.30000000000000004 என்று வரும். ஆகவே மாறும் பகுதிகளை ஒப்பீட்டுக்கு முன் பொதுக்குறியாக மாற்ற வேண்டும். தசம எண்களுக்குச் சிறு வேறுபாட்டை அனுமதிக்க வேண்டும். கிட் மென்பொருளின் சோதனைத் தொகுப்பு மொழி அமைப்பையும் நேர மண்டலத்தையும் முன்கூட்டியே நிலையாக்கிவிடுகிறது. ஒவ்வொரு சோதனைக் கோப்பையும் தனி அடைவில் ஓட்டுகிறது.

கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் நிரல்கள் இன்னும் கடினமானவை. வெளியீடு திரைக்குப் போகவில்லை என்று தெரிந்தால், பல நிரல்கள் எழுத்துகளை உடனே அனுப்பாமல் சேர்த்துவைக்கும். கேள்வி வரட்டும் என்று சோதனையும், பதில் வரட்டும் என்று நிரலும் காத்திருக்க, இரண்டும் நின்றுவிடும். டான் லைப்ஸ் 1990இல் வெளியிட்ட எக்ஸ்பெக்ட் கருவி, நிரலுக்குத் திரைபோலவே தோன்றும் போலி முனையம் ஒன்றில் அதை ஓட்டி இந்தச் சிக்கலைத் தீர்த்தது. குறிப்பிட்ட சொற்கள் வந்ததும் உரிய பதிலை அது அனுப்பும். எப்படியானாலும் ஒவ்வொரு சோதனைக்கும் கால வரம்பு தேவை. முடிவில்லாச் சுழலில் சிக்கிய ஒரு நிரல் மற்றச் சோதனைகளையும் நிறுத்திவிடும்.

நிரலின் நடத்தையை வேண்டுமென்றே மாற்றும்போது எதிர்பார்க்கும் விடைகளும் மாற வேண்டும். புதிய வெளியீட்டையே சரியான விடையாகப் பதிந்துகொள்ளும் வசதி பல கருவிகளில் உண்டு. மாறிய வரிகளைப் படிக்காமல் அதைப் பயன்படுத்தினால், பிழையும் சரியான விடையாகப் பதிவாகிவிடும்; அதன்பின் எத்தனை முறை சோதித்தாலும் அது பிடிபடாது.