வந்து போகும் கூட்டமும் ஊரில் தங்கும் பயனும்

தலயாத்திரை நமது நாட்டிற்குப் புதியதன்று. மாங்காட்டில் கோயில் கொண்டுள்ள காமாட்சியம்மனை ஆறு வாரங்கள் தொடர்ந்து எலுமிச்சங்கனியுடன் வழிபடுவதாக நேர்ந்துகொண்டு, சென்னையிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் மக்கள் வந்தவண்ணம் இருக்கின்றனர். மாமரங்கள் அடர்ந்த காடாக இருந்தமையால் இவ்வூருக்கு இப்பெயர் வாய்த்தது என்பர். அக்காடு இன்றில்லை; வீடுகளும் கடைகளும் நெருங்கிய நகராட்சியாக ஊர் வளர்ந்துவிட்டது. அருகிலுள்ள குன்றத்தூர், பெரியபுராணம் அருளிய சேக்கிழார் பிறந்த ஊர்; பட்டு நெசவும் அங்கு நடந்து வருகிறது. அதற்கப்பால் செம்பரம்பாக்கம் ஏரி பரந்து கிடக்கிறது. இவை யாவும் ஒரே பகலில் சுற்றி வரத்தக்க தொலைவில் அமைந்துள்ளன.

இங்கே நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இத்தனை பேர் வந்து போவதால் நமது நெசவாளிக்கும் விவசாயிக்கும் கிட்டும் பயன் யாது? வருகிறவர் வாகனத்தில் வந்து, தரிசனம் முடித்து, அன்றே திரும்புகிறார். அவர் வாங்கிய பூ எவருடைய தோட்டத்தில் மலர்ந்தது என்பதை அவர் அறியார். பட்டுப் புடவை வேண்டுமாயின் தியாகராயநகர்க் கடைத்தெருவுக்குச் செல்கிறார். சில கிலோமீட்டர் தொலைவில் தறி ஓடுவதை அவருக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. கூட்டம் வருகிறது, போகிறது. குப்பையும் நெரிசலும் மட்டும் ஊரிலேயே தங்கிவிடுகின்றன.

பெருங்கூட்டத்தின் விலை

கூட்டம் பெருகுவதே வளம் என்று எண்ணுவோர் உதகமண்டலத்தையும் கொடைக்கானலையும் நோக்குதல் நலம். கோடையில் மலைப்பாதைகள் தாங்க மாட்டாத அளவுக்கு வாகனங்கள் குவிந்தமையால், சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவின்படி 2024ஆம் ஆண்டு மே 7ஆம் தேதி முதல் அவ்விடங்களுக்குச் செல்ல இ-பாஸ் பெறும் முறை ஏற்பட்டது. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்றும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் நாளொன்றுக்கு வரம்பு விதிக்கப்பட்டது. விருந்தினரை வரவேற்க வேண்டிய ஊர், வாயிலில் நின்று எண்ணிக்கை பார்த்து அனுப்ப வேண்டிய நிலைக்கு வந்துவிட்டது.

இதற்கு மாற்றாக உலகெங்கும் பேசப்படுவது சூழல் காக்கும் சுற்றுலா. ஐக்கிய நாடுகள் சபை 2002ஆம் ஆண்டை இதற்கென்றே அனைத்துலக ஆண்டாக அறிவித்தது. இயற்கைக்கு ஊறு செய்யாமை, ஊராரின் வாழ்வு உயர்தல், வருவோர் எதையேனும் கற்றுச் செல்லுதல் ஆகிய மூன்றும் இதன் இலக்கணம். இதையே ஊர் மக்கள் தாமே கூடி, தாமே நிர்வகித்து, பயனைத் தமக்குள் பகிர்ந்துகொள்வதே சமூகம் சார்ந்த சுற்றுலா எனப்படும். பெயர் புதிது, உள்ளே இருப்பதோ நாம் நன்கறிந்த கூட்டுறவுத் தத்துவமே.

வேடந்தாங்கல் தந்த பாடம்

நமக்கு அண்மையிலுள்ள சான்று வேடந்தாங்கல். சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள அவ்வேரியின் நீர்க்கடம்ப மரங்களில் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் முதலிய பறவைகள் பருவந்தோறும் கூடு கட்டுகின்றன. அப்பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதை அவ்வூர் விவசாயிகள் நெடுங்காலத்திற்கு முன்பே உணர்ந்திருந்தனர். பறவைகளைச் சுடுவதைத் தடுக்கக் கோரி, 1798ஆம் ஆண்டில் செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேசிடம் எழுத்து வடிவில் உரிமையும் பெற்றனர். தீபாவளியன்று வெடி வெடிக்காமல் இருப்பது இன்றும் அவ்வூரின் கட்டுப்பாடு. 2022ஆம் ஆண்டில் வேடந்தாங்கல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

பறவை பார்க்க வருவோர் பின்னர் வந்தவர்கள். பறவையைக் காத்தவர் முன்னரே இருந்தனர். தமது விளைச்சலோடு பிணைந்த பொருளை ஊரார் காத்தனர். அதனால் காண்பதற்கு ஒன்று எஞ்சியது. காப்பது முதற்படி, காட்டுவது அடுத்த படி என்பதே வேடந்தாங்கல் தரும் பாடம்.

பரளிக்காடும் பெரியாறும்

கோயம்புத்தூர் மாவட்டத்தில் பில்லூர் அணைக்கட்டின் நீர்ப்பரப்பை ஒட்டிப் பரளிக்காடு என்னும் சிற்றூர் உள்ளது. வனத்துறையின் துணையுடன் அங்குள்ள பழங்குடியினர் சுற்றுலா நடத்தி வருகின்றனர். முன்பதிவு செய்தவர்க்கே இடமுண்டு. பரிசல் ஓட்டுபவரும் அவ்வூராரே. களி முதலிய உணவைச் சமைத்துப் பரிமாறுபவரும் அவ்வூர்ப் பெண்களே. மாளிகையோ கேளிக்கைக் கூடமோ அங்கில்லை. வருகிறவரும் அவற்றை நாடி வருவதில்லை.

தேனி மாவட்டத்தை ஒட்டிக் கேரள எல்லைக்குள் அமைந்த பெரியாறு புலிகள் காப்பகத்தில் நிகழ்ந்தது இன்னும் வியப்புக்குரியது. காட்டு மரப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுவந்தவர்கள் சிலரை வனத்துறையினர் 1990களின் பிற்பகுதியில் ஒரு குழுவாக அமைத்து, பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளாக ஆக்கினர். காட்டின் ஒவ்வொரு தடமும் அவர்களுக்குத் தெரியும். முன்பு களவுக்குப் பயன்பட்ட அதே அறிவு பின்னர்க் காவலுக்குப் பயன்பட்டது. சிறு சிறு குழுக்களாகவே பயணிகளை அனுமதிக்கின்றனர். திட்டத்திற்கு வந்த வெளிநாட்டு உதவி 2004ஆம் ஆண்டில் முடிவுற்றபோது, பணி நின்றுவிடாதிருக்கப் பெரியாறு அறக்கட்டளை நிறுவப்பட்டது. உதவித்தொகை நின்றவுடன் சாய்ந்துபோகும் திட்டங்களைக் கண்டு சலித்த நமக்கு இம்முன்யோசனை கவனிக்கத்தக்கது.

விவசாயிக்கு ஒரு சந்தை, நெசவாளிக்கு ஒரு துணை

கேரளத்தின் குமரகத்தில் பெரிய விடுதிகள் எழுந்தபோது, காய்கறி வெளியூரிலிருந்து வந்தது. ஊரார் வேலியோரம் நின்று பார்த்தனர். பின்னர்ப் பொறுப்புச் சுற்றுலா என்ற திட்டத்தின்கீழ், குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் விளைவித்த காய்கறிகளை விடுதிகள் வாங்க ஏற்பாடாயிற்று. விலையைப் பற்றிய பூசல் எழாதிருக்க விலை நிர்ணயக் குழு அமைத்தனர். தரம் குறையாமல், நாள் தவறாமல் பொருள் கொடுப்பதே இதில் கடினமான பகுதி என்பதைக் காய்கறி பயிரிடும் அங்கத்தினர் எவரும் எளிதில் உணர்வர். அதனைத் தனி விவசாயியால் செய்ய இயலாது, குழுவால் இயலும்.

நெசவாளர்க்கு எர்ணாகுளம் மாவட்டத்துச் சேந்தமங்கலம் உதாரணமாகும். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதப் பெருவெள்ளத்தில், ஓணப் பண்டிகைக்கென அங்குள்ள கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்கள் நெய்து வைத்திருந்த துணிகள் சேற்றில் மூழ்கின. எரித்துவிடுவதைத் தவிர வேறு வழியில்லை என்றிருந்த புடவைகளைத் தூய்மை செய்து, வெட்டி, லட்சுமி மேனன், கோபிநாத் பாறயில் என்னும் இருவரின் முயற்சியால் சேக்குட்டி என்ற சிறு பொம்மைகளாக ஆக்கினர். ஒரு புடவையிலிருந்து 360 பொம்மைகள். பொம்மை ஒன்று 25 ரூபாய். ஆகவே பாழான ஒரு புடவை 9,000 ரூபாய் ஈட்டியது. பல ஊர்களிலிருந்தும் தொண்டர்கள் பொம்மை செய்ய முன்வந்தனர். அவர்கள் பணம் கொடுத்தது பொம்மைக்காக மட்டுமன்று. அதன் பின்னிருந்த தறியின் கதைக்காகவும்தான்.

நம் பகுதிக்கு ஏற்றது எது?

மாங்காட்டுச் சுற்றுவட்டாரச் சங்கங்கள் பெருஞ்செலவின்றி ஓர் ஒருநாள் திட்டத்தைத் தொடங்கிப் பார்க்கலாம். காலையில் மாங்காட்டில் தரிசனம்; பின்பு அங்கத்தினர் ஒருவரின் பூந்தோட்டம் அல்லது கீரைப் பாத்தி; நண்பகலில் ஒரு வீட்டில் உணவு; பிற்பகலில் குன்றத்தூரில் பாவும் ஊடையும் இழையும் விதத்தைத் தறியருகே அமர்ந்து காணுதல்; மாலையில் முருகன் குன்று. கணக்கிற்காக ஒரு நாளைக்கு 20 பேர், தலைக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வரவு 6,000 ரூபாய். உணவு சமைத்தவர், தோட்டத்தார், தறிக்காரர், வழிகாட்டிய இளைஞர் ஆகியோர்க்குரிய கூலி போக, ஒரு பகுதி சங்கத்தின் பொதுநிதிக்குச் சேர வேண்டும். புடவை விற்றால் அது தனி வரவு.

செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றி ஒரு சொல். சென்னைக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கம் அது. 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு உடையது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தின்போது அதன் உபரிநீர் அடையாற்றில் ஓடியதை நாம் மறந்திருக்க முடியாது. ஆகவே அங்கு கடை விரிப்பதும் உணவுப் பொட்டலம் எறிவதும் தகாது. உரிய துறையின் அனுமதி கிடைக்குமாயின், கரையிலிருந்து பறவைகளைக் கண்டு திரும்புவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மனத்திற் கொள்ள வேண்டியவை

இதனால் வறுமை உடனே நீங்கிவிடும் என்று எவரும் கருதலாகாது. 2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது பயணிகளையே நம்பியிருந்த ஊர்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். தறியும் நிலமுமே நமது தொழில். விருந்தினரால் வருவது துணை வருவாய். தறியை நிறுத்திவிட்டு வேடிக்கை காட்டுதல் நம்மை நாமே தாழ்த்திக்கொள்வதாகும். நெய்பவரின் இசைவின்றிப் படம் எடுத்தலும், வீட்டின் உட்புறத்தைக் காட்சிப் பொருளாக்குதலும் கூடா. இடைத்தரகர் நுழைந்தால் கூட்டம் பெருகும், கூலி குறையும். எனவே நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பும், எல்லா வீடுகளுக்கும் முறை வைத்து வாய்ப்பளிக்கும் ஒழுங்கும், சுவரில் எழுதிய விலைப்பட்டியலும், மாதந்தோறும் அங்கத்தினர் பார்வைக்கு வைக்கும் கணக்கும் தொடக்கத்திலேயே அமைதல் இன்றியமையாதது.

சங்கத்தின் துணைவிதிகளில் இத்தகைய பணிக்கு இடமில்லையெனில், பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேற்றி, 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி திருத்தத்தைப் பதிவு செய்துகொள்ளலாம்.

1904ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தவுடன், நம் அண்டையிலுள்ள திருவள்ளூர்ப் பகுதியின் திரூரில் தமிழகத்தின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. அன்று வட்டிக்கடைக்குச் சென்ற பணத்தைச் சங்கம் ஊருக்குள் தங்க வைத்தது. இன்று சாலை வழியே வந்து சாலை வழியே போகும் பணத்தில் ஒரு சிறு பங்கையேனும் தறிவீட்டிலும் தோட்டத்திலும் தங்க வைக்க இயலுமா என்பதே நம்முன் உள்ள வினா. அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் இதனை எடுத்துப் பேசுவார்களாக. ஐந்து வீடுகள் முன்வந்தால் போதும், தொடங்கிவிடலாம்.