பயிர் நோயைப் படம் பிடிப்பது எப்படி?

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் சம்பாப் பயிரில் ஏதேனும் வேற்றுமை தெரிந்தால், விவசாயி முன்பெல்லாம் ஒரு குத்தை வேரோடு பிடுங்கி, சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறுவார். விரிவாக்க அலுவலரின் மேஜைக்குப் போய்ச் சேர்வதற்குள் செடி வாடிச் சுருண்டிருக்கும். இன்று செல்போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். வசதிதான். ஆனால் வரப்பில் நின்றபடியே எடுத்த படத்தில், பச்சைக்கு நடுவே கொஞ்சம் மஞ்சள் தெரிவதைத் தவிர வேறொன்றும் இருப்பதில்லை. மஞ்சளுக்குத் தழைச்சத்துக் குறைவும் காரணமாகலாம். துத்தநாகக் குறைவு, துங்ரோ நச்சுயிரி நோய், புகையான் ஆகியவையும் காரணமாகலாம். இவற்றில் எது என்று அந்தப் படத்தை வைத்துச் சொல்ல எந்த நிபுணராலும் ஆகாது.

படம் தவறினால் மருந்தும் தவறும். புகையானையே எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பூச்சி தோகையில் இராது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தூரில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். மேலிருந்து பார்ப்பவருக்கு மஞ்சளித்த பயிர் மட்டுமே தெரியும். சத்துக் குறைவு என்று எண்ணி யூரியா போட்டால் பூச்சி இன்னும் பெருகும். கடையில் கொடுத்தார்கள் என்று செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்தைத் தெளித்தாலோ, புகையானைத் தின்னும் சிலந்திகள் முதலில் மடிந்து, சில நாட்களில் பூச்சி முன்னிலும் அதிகமாகிவிடும். வட்ட வட்டமாகப் பயிர் தீய்ந்த பிறகு எடுக்கும் படம் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் அதனால் பயனில்லை.

ஆகவே புகையான் என்ற சந்தேகம் வந்தால் வயலுக்குள் இறங்கிக் குனிய வேண்டும். ஒருவர் இரண்டு கைகளாலும் குத்துகளை விலக்கிப் பிடிக்க, மற்றவர் படம் எடுப்பது நலம். போனைத் தலைகீழாகத் திருப்பினால் லென்ஸ் அடிப்பக்கம் வந்துவிடும். தூர் நேராகத் தெரியும். கழுத்தில் ஒரு கயிறு கட்டிப் போனை மாட்டிக்கொள்வதும் உசிதம். சேற்றில் விழுந்த போன் உயிரோடு திரும்புவது அபூர்வம். படத்தில் பூச்சிகளை எண்ண முடிய வேண்டும். தூர் ஒன்றுக்கு ஒரு பூச்சி இருந்தால் மருந்து தெளிக்கும் கட்டம் வந்துவிட்டது என்பது கணக்கு. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். எனவே சிலந்தியும் படத்தில் விழட்டும். அதைத் தட்டிவிட வேண்டாம்.

இலை நோய்களுக்கு வேறு முறை. குலை நோயின் புள்ளி இரு முனையும் கூர்மையாக, கண் போன்ற வடிவில், நடுவில் சாம்பல் நிறமாக இருக்கும். செம்புள்ளி நோயின் புள்ளியோ எள் விதை போல நீள்வட்டமாக, பழுப்பாக இருக்கும். மங்கலான படத்தில் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். ஆனால் முன்னதற்குத் தழைச்சத்து இடுவதை உடனே நிறுத்த வேண்டும். பின்னது பெரும்பாலும் மண்ணில் சத்துக் குறைந்திருப்பதைக் காட்டுவது.

புள்ளி பெரிதாகத் தெரியட்டும் என்று போனை இலையோடு ஒட்டிக் கொண்டுபோவதுதான் பலர் செய்யும் தவறு. அரைச் சாணுக்கும் அருகே போனால் பெரும்பாலான போன்களில் படம் கலங்கிவிடும். ஒரு சாண் தூரத்தில் வைத்து, திரையில் புள்ளி தெரியும் இடத்தை விரலால் ஒரு முறை தொட்டுவிட்டு எடுத்தால் கூர்மையாக விழும். பிறகு வேண்டுமானால் ஓரங்களை வெட்டிக்கொள்ளலாம். காற்றில் இலை ஆடுமானால் அதன் பின்னால் உள்ளங்கையைக் கொடுத்துப் பிடிக்க வேண்டும். பக்கத்தில் ஒரு நாணயம் வைத்தால் அளவும் தெரியும். கிள்ளிய இலை வெயிலில் சில நிமிஷங்களில் சுருளும் என்பதால் உடனே எடுத்துவிட வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் லென்சைத் துடைக்க வேண்டும். உரம் தொட்ட விரலும் வியர்வையும் பட்ட கண்ணாடி வழியே எந்தப் படமும் புகை மூடியது போலத்தான் வரும். சுத்தமான பருத்தித் துணி போதும்.

வெளிச்சத்துக்குக் காலையில் பனி உலர்ந்த பிறகு உள்ள நேரமே சிறந்தது. உச்சி வெயிலில் இலை பளபளத்து வெண்மையாகிவிடும். பாக்டீரியா இலைக்கருகலில் இலையின் ஓரத்தில் நுனியிலிருந்து அலை அலையாக இறங்கும் மஞ்சள் கோடுதான் அடையாளம். அந்த வெயிலில் முதலில் மறைவதும் அதுவே. நேரம் தப்பிவிட்டால் குடையை விரித்தோ, வெள்ளைத் துண்டை மேலே பிடித்தோ நிழல் செய்துகொள்ளலாம்.

இந்த நோய்க்கு இன்னொரு சோதனையும் உண்டு. கருகத் தொடங்கிய இலையைக் குறுக்கே வெட்டி, தெளிந்த நீர் உள்ள கண்ணாடி டம்ளரில் நிறுத்தினால், வெட்டுவாயிலிருந்து பால் போன்ற திரவம் இழையாக இறங்கும். டம்ளருக்குப் பின்னால் கறுப்புத் துணியைப் பிடித்து எடுத்தால் இழை தெளிவாக விழும். பூசணக்கொல்லி இதற்குப் பயன்படாது என்பதால், இந்த ஒரு படம் வீண் மருந்துச் செலவைத் தவிர்க்கும்.

நடுக்குருத்து காய்ந்திருந்தால் அதை இழுத்துப் பார்க்க வேண்டும். சுலபமாகக் கையோடு வந்தால் குருத்துப் பூச்சி என்று கொள்ளலாம். உருவிய குருத்தின் அடிப்பகுதியையே படம் பிடித்து அனுப்ப வேண்டும்.

ஒரு படம் போதாது. வயல் முழுதும் தெரிய ஒன்று, குத்து ஒன்று, நோய் கண்ட பகுதி ஒன்று என மூன்றாவது தேவை. வயல் படம் எதற்கு என்று தோன்றலாம். பாதிப்பு மடையோரத்திலா, நடுவில் திட்டாகவா, வயல் முழுவதுமா என்பது நிபுணர் முதலில் கேட்கும் கேள்வி. நிறத்தை மாற்றி அழகு கூட்டும் வசதிகளை நிறுத்திவிட வேண்டும். வெளிறிய இலையை அவை பச்சையாக்கிவிடும். வாட்ஸ்அப் சாதாரணமாகப் படத்தைச் சுருக்கி அனுப்பும் என்பதால், எச்.டி. தரத்திலோ 'டாகுமெண்ட்' வழியாகவோ அனுப்புவது நல்லது. உடன் ரகத்தின் பெயர், நட்டு எத்தனை நாள், கடைசியாக இட்ட உரம், தெளித்த மருந்து, வயலில் நிற்கும் தண்ணீர் ஆகிய விவரங்களையும் எழுத வேண்டும்.

படத்தைப் பார்த்து இயந்திரமே நோயின் பெயரைச் சொல்லும் செயலிகள் வந்துள்ளன. மத்திய அரசும் 2024 ஆகஸ்ட் 15-ல் தேசியப் பூச்சிக் கண்காணிப்புச் செயலியைத் தொடங்கியது. இவை உதவக்கூடியவையே. எனினும் அந்தப் பெயரை மட்டும் நம்பி மருந்து வாங்கிவிடாமல், வட்டார வேளாண்மை அலுவலரிடமோ, நீடாமங்கலம், சிக்கல் வேளாண் அறிவியல் நிலையங்களிலோ, 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடந்துவரும் ஆடுதுறையிலோ அதே படங்களைக் காட்டிக் கேட்க வேண்டும்.

மருந்து தெளித்த பிறகும் வேலை முடிவதில்லை. முதலில் படம் எடுத்த குத்தின் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு, அதில் வண்ணத் துணி கட்டி வைக்க வேண்டும். ஐந்தாம் நாள் அதே குத்தை, அதே நேரத்தில், அதே தூரத்திலிருந்து மீண்டும் எடுத்து அனுப்பினால் பூச்சி குறைந்ததா என்பது அலுவலருக்கும் தெரிந்துவிடும்.