மேசைமேல் ஓடும் திருமுல்லைவாயில் இரயில்

சென்னை சென்ட்ரலிலிருந்து ஆவடி செல்லும் மின்சார இரயிலில் அம்பத்தூரைத் தாண்டியதும் வரும் நிலையம் திருமுல்லைவாயில். தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை இவ்வழியாகத்தான் போடப்பட்டது. 1856 ஜூலை 1-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை அதில் வண்டிப் போக்குவரத்து தொடங்கியது. இன்றும் அந்நிலையத்தின் மேடையில் நின்றால், அங்கு நிற்காத விரைவு வண்டிகள் இரைச்சலுடன் கடந்து போவதைக் காணலாம்.

அந்த வண்டியையும் நிலையத்தையும் உங்கள் வீட்டு மேசைமேல் அமைக்க முடியுமா? முடியும். உலகின் பல நாடுகளில் மாணவர்களும் பெரியவர்களும் இதை ஒரு பொழுதுபோக்காகச் செய்து வருகிறார்கள். ஆனால் நம் நாட்டு இரயிலைச் சிறிதாக்க முற்படும்போது ஒரு சிக்கல் எழுகிறது. அது என்ன, அதை எப்படித் தீர்ப்பது என்பதைக் காண்போம்.

எவ்வளவு சிறிது?

நிலப்படத்தில் அளவுத்திட்டம் உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். மாதிரி இரயில்களுக்கும் அவ்வாறே அளவுத்திட்டங்கள் உண்டு. 1:87 என்றால் உண்மைப் பொருளின் 87 மி.மீ., மாதிரியில் 1 மி.மீ. ஆகும். இந்த அளவுக்கு ‘எச்.ஓ.’ என்று பெயர். ‘ஓ’ என்று இன்று சொல்லப்படுவது முதலில் பூச்சியத்தைக் குறித்தது; அதில் பாதி என்பதே ‘எச்.ஓ.’ என்பதன் பொருள்.

ஜெர்மனியின் ஆர்னால்ட் நிறுவனம் 1962-இல் 9 மி.மீ. இடைவெளியுள்ள தண்டவாளத்தில் ஓடும் வண்டிகளை வெளியிட்டது. ஒன்பதைக் குறிக்கும் சொல் ஆங்கிலத்திலும் ஜெர்மன் மொழியிலும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் இந்த அளவு ‘என்’ எனப் பெயர் பெற்றது. இதன் அளவுத்திட்டம் 1:160. பிறகு 1972-இல் ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1:220 அளவில் வண்டிகளைச் செய்தது. இதைவிடச் சிறிதாக இனி எதுவும் வராது என்று எண்ணி, ஆங்கில நெடுங்கணக்கின் கடைசி எழுத்தான ‘இசட்’டை அதற்குப் பெயராக வைத்தார்கள். அந்த எண்ணம் பொய்த்தது. 2006-இல் ஜப்பானில் 1:450 அளவுள்ள வண்டி காட்சிக்கு வந்தது. அதன் தண்டவாள இடைவெளி 3 மி.மீ. தான்! அதற்குப் பெயர் ‘டி’.

பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலையில் நெடுங்காலம் கட்டப்பட்டுவந்த விரைவு வண்டிப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் 21.337 மீட்டர், அகலம் 3.245 மீட்டர். இதைச் சிறிதாக்கினால் கிடைப்பவை இவை:

எச்.ஓ. (1:87) – நீளம் 245 மி.மீ., அகலம் 37 மி.மீ.
என் (1:160) – நீளம் 133 மி.மீ., அகலம் 20 மி.மீ.
இசட் (1:220) – நீளம் 97 மி.மீ., அகலம் 15 மி.மீ.
டி (1:450) – நீளம் 47 மி.மீ., அகலம் 7 மி.மீ.

‘டி’ அளவில் ஒரு முழுப் பெட்டி ஏறக்குறைய ஒரு தீக்குச்சியின் நீளமே இருக்கும். 160 செ.மீ. உயரமுள்ள பயணி ‘என்’ அளவில் சரியாக 1 செ.மீ. இருப்பார், ‘டி’ அளவில் ஓர் அரிசிமணியைவிடச் சிறியவராகிவிடுவார். பன்னிரண்டு பெட்டி மின்சார இரயில் ஏறத்தாழ 250 மீட்டர் நீளம். அதை ‘எச்.ஓ.’ அளவில் நிறுத்த 2.9 மீட்டர் வேண்டும். ‘என்’ அளவில் 1.6 மீட்டர், ‘டி’ அளவிலோ 56 செ.மீ. போதும். சிறு வீட்டில் வசிப்பவர்கள் மிகச் சிறிய அளவுகளை நாடுவதற்கு இதுவே காரணம்.

நம் தண்டவாளம் எங்கே?

இனிச் சிக்கலுக்கு வருவோம். உலகில் மிகுதியாகப் பயன்படும் இருப்புப்பாதையின் இடைவெளி 1,435 மி.மீ. ஆகும். கடையில் விற்கும் மாதிரித் தண்டவாளங்கள் அதற்காகவே செய்யப்பட்டவை. 9 மி.மீட்டரை 160-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 1,440 வருகிறது. கணக்கு ஏறத்தாழச் சரி.

திருமுல்லைவாயில் வழியாகச் செல்லும் நம் அகலப் பாதையின் இடைவெளி 1,676 மி.மீ. அதை 160-ஆல் வகுத்தால் கிடைப்பது 10.5 மி.மீ. ஆகவே 1:160 அளவில் நம் பெட்டியைத் துல்லியமாகச் செய்து 9 மி.மீ. தண்டவாளத்தில் வைத்தால், உண்மையில் ஏறத்தாழ ஒரு சாண் குறுகிய பாதையில் அது நிற்பதாகப் பொருள். பெட்டி சரி; பாதை தவறு.

இத்தகைய பொருத்தமின்மை நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. பிரிட்டனின் இரயில் இஞ்சின்கள் மற்ற நாட்டு இஞ்சின்களைவிட உடல் சிறியவை. அக்காலத்து மின்மோட்டார் 1:87 அளவில் அவற்றுக்குள் அடங்கவில்லை. எனவே உடலை மட்டும் 1:76 அளவுக்குப் பெரிதாக்கி, தண்டவாளத்தை 16.5 மி.மீட்டராகவே விட்டுவிட்டார்கள். ஜப்பானில் நிலைமை தலைகீழ். அங்கே பழைய பாதைகளின் இடைவெளி 1,067 மி.மீ.; அவ்வண்டிகளை 1:150 அளவில் செய்து அதே 9 மி.மீ. தண்டவாளத்தில் ஓட்டுகிறார்கள். அவர்களுடைய மாதிரிப் பாதை வேண்டியதைவிட அகலமாகிவிடுகிறது, நம்முடையது குறுகிவிடுகிறது.

மூன்று வழிகள்

முதல் வழி: பெட்டியை 1:160 அளவில் செய்து, தண்டவாளக் குறையைப் பொருட்படுத்தாமல் விடுவது. பக்கவாட்டிலிருந்து பார்ப்பவருக்கு இந்த ஒன்றரை மி.மீ. குறை எளிதில் தெரியாது. வண்டி ஓட வேண்டும் என்பதே நோக்கமானால் இதுவே எளிது.

இரண்டாம் வழி: தண்டவாளத்தைச் சரியெனக் கொண்டு அதற்கேற்பப் பெட்டியை மாற்றுவது. 1,676-ஐ 9-ஆல் வகுத்தால் 186 வருகிறது. பெட்டியை 1:186 அளவில் செய்தால் நீளம் 115 மி.மீ., அகலம் 17 மி.மீ. ஆகும். இப்போது பெட்டியும் பாதையும் பொருந்திவிடும். ஆனால் கடையில் வாங்கிய 1 செ.மீ. பொம்மை மனிதர் இந்த ஊரில் 186 செ.மீ. உயரத்தில் நிற்பார். மரம், வீடு, மேடை எல்லாவற்றையும் நீங்களே செய்ய வேண்டியிருக்கும்.

மூன்றாம் வழி: 10.5 மி.மீ. இடைவெளியில் தண்டவாளத்தைக் கையால் அமைப்பது. சக்கரங்களையும் அச்சில் அகற்றிப் பொருத்த வேண்டும். கடினமான வேலைதான். ஆனால் அகலப் பாதை என்றால் என்ன என்பதைப் பள்ளிக் கண்காட்சியில் காட்ட விரும்பினால் இதுவே நேர்மையான வழி. ஓடாத மாதிரி என்றால் இது அவ்வளவு கடினமும் அன்று.

மீட்டர் பாதைக்கு மட்டும் நமக்கு ஒரு வசதி வாய்த்திருக்கிறது. 1,000 மி.மீட்டரை 160-ஆல் வகுத்தால் 6.25 வருகிறது. ‘இசட்’ தண்டவாளத்தின் இடைவெளி 6.5 மி.மீ. ஆகவே மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை செல்லும் நீலகிரி மலை இரயிலை ‘என்’ அளவில் செய்து ‘இசட்’ தண்டவாளத்தில் வைத்தால் வேறுபாடு கால் மி.மீ. மட்டுமே.

அளவு மாற்றும் கணக்கு

ஒருவர் 1:87 அளவில் வரைந்த பெட்டியின் படம் உங்களிடம் இருக்கிறது; உங்களுக்கு 1:160 வேண்டும். பழைய எண்ணைப் புதிய எண்ணால் வகுத்து, வரும் விடையால் எல்லா நீளங்களையும் பெருக்குங்கள். 87 ÷ 160 = 0.544. ஜெராக்ஸ் கடையில் 54 விழுக்காட்டுக்குக் குறைத்து எடுத்தால் போதும். 1:160-இலிருந்து 1:450-க்கு 36 விழுக்காடு. 1:87-இலிருந்து நேரே 1:450-க்குப் போக 19 விழுக்காடு வேண்டும். பல ஜெராக்ஸ் இயந்திரங்கள் 25-க்குக் கீழே குறைப்பதில்லை. அப்போது முதலில் 54, அந்தப் பிரதியை மீண்டும் 36 என இருமுறை எடுங்கள்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. படம் சிறிதாகும், அட்டையின் தடிமன் சிறிதாகாது. 0.3 மி.மீ. அட்டை 1:160 அளவில் 5 செ.மீ. தடிமனுள்ள சுவர், 1:450 அளவில் அது 13.5 செ.மீ.! எனவே அளவு குறையக் குறைய மெல்லிய தாளுக்கு மாறவேண்டும்.

எதை விட்டுவிடலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. 25 செ.மீ. தொலைவில் நம் கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய அளவு ஏறத்தாழ 0.07 மி.மீ. 1:450 அளவில் அது 3 செ.மீட்டருக்குச் சமம். அதைவிட மெல்லிய சன்னல் கம்பிகளை அந்த அளவில் செய்ய முயல்வது வீண்வேலை.

எல்லாம் ஒரே விதமாகச் சிறுப்பதில்லை

நீளம் 160-இல் ஒரு பங்கானால் பரப்பு 160 × 160-இல் ஒரு பங்காகும். கனஅளவும் எடையும் 160 × 160 × 160-இல் ஒரு பங்காகும். இவ்வுண்மையை 1638-இல் வெளிவந்த தம் நூலில் கலிலியோ விளக்கினார். 40 டன் எடையுள்ள பெட்டி இக்கணக்குப்படி ‘என்’ அளவில் 10 கிராம். ‘டி’ அளவில் அரை கிராம்கூட இல்லை. எடை குறைந்தால் சக்கரம் தண்டவாளத்தை அழுத்துவதும் குறையும். சக்கரம் வழுக்கும், மின்தொடர்பு அறுபடும். அதனால்தான் ‘டி’ அளவு வண்டிகளுக்குக் காந்தச் சக்கரம் பொருத்தினார்கள். தூசியோ நமக்காகச் சிறிதாவதில்லை. 0.1 மி.மீ. தூசித் துகள் ‘டி’ வண்டிக்கு நாலரை செ.மீ. கல்லாகும்.

வேகத்தையும் மறக்க வேண்டாம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ‘என்’ அளவில் ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 10 விநாடி எடுக்க வேண்டும். பெரும்பாலோர் இதைவிட வேகமாக ஓட்டிவிடுகிறார்கள். அதனாலேயே வண்டி பொம்மைபோல் தோன்றுகிறது.

நீங்களே தொடங்கலாம்

தொடங்குவதற்கு விலையுயர்ந்த கருவி ஏதும் தேவையில்லை. ஒரு அளவுகோல், அட்டை, பசை, கத்தரி போதும். அளவெடுப்பதற்காக ஒருபோதும் தண்டவாளத்தில் இறங்காதீர்கள்; அது உயிருக்கு ஆபத்து, சட்டப்படி குற்றமும் ஆகும். புது ஆவடி சாலையில் 2002-இல் திறக்கப்பட்ட இரயில் அருங்காட்சியகத்தில் பழைய பெட்டிகளை அருகில் சென்று பார்க்கலாம். திருமுல்லைவாயில் மேடையில் உங்கள் காலடியையே அளவாகக் கொண்டு தூரங்களைக் கணக்கிடலாம்.

வேலையைத் தொடங்குமுன் ஒரு கேள்விக்கு விடை எழுதிவையுங்கள்: பெட்டிக்கு உண்மையாக இருக்கப் போகிறீர்களா, பாதைக்கா, ஓட்டத்திற்கா? கடையில் வாங்கிய பொருள்களைக் கொண்டு மூன்றையும் ஒருங்கே பெறுவது நம் நாட்டு இரயிலுக்கு இயலாது. எதை விட்டுக்கொடுத்தோம் என்பதை ஒரு சிறு அட்டையில் எழுதி மாதிரியின் அருகே வைத்துவிட்டால், பார்ப்பவரும் ஒரு பாடம் கற்பார்.